கொசுறு மல்லித்தழை, இனி நம்ம வீட்டு வாசலிலே!



முன்பெல்லாம் காய்கறி வாங்கினால், கடைக்காரர் ஒரு கைப்பிடி மல்லித்தழையும் கறிவேப்பிலையும் சேர்த்துக் கொடுப்பார். அதற்குக் காசு கிடையாது. "கொசுறு போடுங்கண்ணே" என்று நாம் உரிமையோடு கேட்டு வாங்குவோம். இன்றைக்கு அந்தக் கொசுறு எங்கே போச்சு? மல்லித்தழைக்கும் காசு. மழைக்காலத்திலும் கோடையிலும் விலை ஏறிவிட்டால், "இன்னைக்கு மல்லி இல்லாமலே ரசம் வச்சிடலாம்" என்று நாமே முடிவு பண்ணிவிடுகிறோம்.

சின்னச் செலவுதானே என்று நினைக்கிறோம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாரம் மூன்று கட்டு வாங்குகிறோம், கட்டு 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 30 ரூபாய். கடும் கோடையில் மூன்று மாதம் வீட்டில் சரியாக வராது என்று கழித்துவிட்டாலும், மீதி 39 வாரத்துக்கு 1,170 ரூபாய். 15 பேர் உள்ள ஒரு குழுவுக்குச் சேர்த்தால் 17,550 ரூபாய். இந்தப் பணம் நம் ஊரை விட்டுச் சத்தமில்லாமல் வெளியே போகிறது. வாசலில் ஆறடி இடம் இருந்தால் இதை நம் கையிலேயே நிறுத்தி வைக்கலாம்.

காசு மட்டும் இல்லை. கடையில் வாங்கும் தழைக்கு என்ன மருந்து அடித்தார்கள், அடித்து எத்தனை நாளில் பறித்தார்கள் என்று நமக்குத் தெரியாது. மல்லியைப் பல நேரம் வேகவைக்காமல் பச்சையாகவே போடுகிறோம். பிள்ளைகள் சாப்பிடும் தழை எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்று தெரிந்திருப்பது நல்லதுதானே?

ஆனால் நம் கூட்டங்களில் இந்தப் பேச்சை எடுத்தாலே, "நானும் போட்டுப் பார்த்தேன் அக்கா, முளைக்கவே இல்லை", "முளைச்சுது, ஒரு சாண் வளர்றதுக்குள்ள பூத்துப் போச்சு" என்றுதான் பலரும் சொல்கிறார்கள். மல்லி கஷ்டமான பயிர் இல்லை. அதன் குணம் தெரிந்தால் போதும். அதைத்தான் இந்த இதழில் பார்க்கப் போகிறோம்.

மல்லியின் குணம்

மல்லி குளிர்ச்சியை விரும்பும் பயிர். மிதமான வெயில், ஈரமான மண், தண்ணீர் தேங்காத இடம், இந்த மூன்றும் இருந்தால் தழைத்து வரும். வெயில் 30 டிகிரியைத் தாண்டிக்கொண்டே போனால் செடி பயந்துவிடும். "நமக்கு ஆயுசு கொஞ்சம்தான், விதையைக் கொடுத்துட்டுப் போயிடுவோம்" என்று சீக்கிரமே தண்டு விட்டுப் பூத்துவிடும். பூத்த பிறகு இலை மெலிந்து நூல்போல் ஆகிவிடும், வாசமும் மாறும். தண்ணீர் இல்லாமல் காய்ந்தாலும், செடிகள் நெருக்கமாக இருந்தாலும் இதே கதைதான்.

இன்னொரு குணம், மல்லிக்கு ஆணிவேர். கத்தரி, தக்காளி மாதிரி நாற்று விட்டுப் பிடுங்கி நட்டால் வேர் அறுந்து செடி சுணங்கிவிடும். எந்த இடத்தில் வளர வேண்டுமோ அந்த இடத்திலேயே விதைக்க வேண்டும்.

எந்த மாதத்தில் போடலாம்?

தமிழ்நாட்டில் மல்லிக்கு இரண்டு பருவம் சொல்வார்கள். ஒன்று ஜூன், ஜூலை. இன்னொன்று அக்டோபர், நவம்பர். கோவில்பட்டி, விளாத்திகுளம், அருப்புக்கோட்டைப் பக்கம் கரிசல் காட்டில் வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான் மானாவாரியாக மல்லி விதைக்கிறார்கள். அது விதைக்காக, அதாவது தனியாவுக்காகப் போடுவது. நாம் போடப்போவது தழைக்காக.

வீட்டுத் தோட்டத்துக்குப் புரட்டாசிக் கடைசியில் தொடங்கி மாசி வரைக்கும் நல்ல காலம். புதிதாகப் போடுகிறவர்கள் இந்தக் காலத்தில் தொடங்குங்கள், மனசு தளராது. ஆடி, ஆவணியிலும் வரும், ஆனால் கொஞ்சம் நிழல் கொடுக்க வேண்டும். பங்குனி, சித்திரை, வைகாசியில் மல்லியோடு மல்லுக்கட்ட வேண்டாம். அந்த இடத்தில் தண்டுக்கீரை, சிறுகீரை போட்டுக்கொள்ளலாம். விடமாட்டேன் என்கிறவர்கள் முருங்கை மர நிழலிலோ, அவரை, புடலைப் பந்தலுக்கு அடியிலோ போடுங்கள். காலை வெயில் பட்டு, உச்சி வெயில் படாத கிழக்குப் பார்த்த இடம் என்றால் ரொம்ப நல்லது.

விதை: பாதி வெற்றி இங்கேதான்

மல்லி விதை என்று நாம் கையில் எடுக்கும் உருண்டை ஒரு விதை இல்லை. அதற்குள் இரண்டு விதைகள் ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. முழுசாகப் போட்டாலும் முளைக்கும். ஆனால் மேல்தோல் ஊறி ஈரம் உள்ளே போக நாளாகும். ஒரே இடத்தில் இரண்டு செடி முட்டிக்கொண்டும் வரும். அதனால் உடைத்துப் போட வேண்டும்.

உடைப்பது எப்படி? விதையை ஒரு துணியில் பரப்பி, மேலே ஒரு துணி போட்டு, பூரிக்கட்டையை லேசாக உருட்டினால் போதும். இரண்டாகப் பிரிய வேண்டும், அவ்வளவுதான். அம்மியில் வைத்து நசுக்கினால் பருப்பு உடைந்துபோகும், பிறகு குழம்புக்குத்தான் ஆகும்!

"மளிகைக் கடையில் வாங்கின மல்லியைப் போடலாமா?" என்று பலர் கேட்கிறார்கள். போடலாம், ஆனால் அது பழைய சரக்காக இருந்தால் முளைக்காது. அதனால் முதலில் சோதித்துப் பாருங்கள். 20 விதையை உடைத்து, ஈரத்துணியில் முடிந்து வைத்து, துணி காயாமல் தண்ணீர் தெளியுங்கள். பத்து நாளில் 12 விதைக்கு மேல் முளைவிட்டால் அந்த விதை நல்ல விதை. ஐந்தாறுதான் முளைத்தது என்றால் அதைச் சமையலுக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

விதையாகவே வாங்க நினைத்தால், கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ ரகங்கள் இருக்கின்றன. பக்கத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலும், தோட்டக்கலைத் துறை அலுவலகத்திலும் கேட்டுப் பாருங்கள். குழுவில் ஒருவர் போய் எல்லோருக்கும் சேர்த்து வாங்கி வந்தால் பஸ் செலவு மிச்சம்.

ஒரு எச்சரிக்கை: பாக்கெட்டில் வரும் விதை சிலவற்றில் பூசண மருந்து பூசியிருப்பார்கள். சிவப்பு, பச்சை என்று சாயம் ஏறியிருக்கும். அதை மறந்தும் அஞ்சறைப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்து, தொட்ட பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பாத்தியும் தொட்டியும்

இடம் இருப்பவர்கள் ஆறடி நீளம், மூன்றடி அகலத்தில் ஒரு பாத்தி போடுங்கள். மூன்றடிக்கு மேல் அகலம் வேண்டாம், இரண்டு பக்கமும் உட்கார்ந்து கை எட்ட வேண்டும். மண்ணை ஒரு சாண் ஆழம் கொத்திக் கட்டி உடைத்து, கல், வேர் பொறுக்குங்கள். நன்றாக மக்கிய தொழு உரம் இரண்டு கூடை கலந்து விடுங்கள். மழைக்காலத்தில் போடுவதால் பாத்தி தரையை விட நான்கு விரற்கடை உயரமாக இருக்கட்டும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும்.

உரம் கட்டாயம் மக்கியிருக்க வேண்டும். பச்சைச் சாணியைப் போட்டால் சூட்டில் வேர் கருகும். அதோடு, பச்சையாகச் சாப்பிடும் தழை என்பதால் கிருமியும் புழு முட்டையும் நம் வயிற்றுக்கு வந்துவிடும்.

இடம் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். ஓட்டை வாளி, பழைய குடம், அரிசிச் சாக்கு எது இருந்தாலும் சரி. ஒரு சாண் ஆழம் இருந்து, அடியில் நாலைந்து ஓட்டை இருந்தால் போதும். செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள். பூச்சி மருந்து வந்த டப்பா, கேன் எதையும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது. எத்தனை தடவை கழுவினாலும் கூடாது.

விதைக்கும் முறை

1. உடைத்த விதையைச் சாயங்காலம் தண்ணீரில் ஊறப் போடுங்கள். மிதக்கும் சொத்தை விதையை எடுத்துவிடுங்கள். காலையில் வடித்து நிழலில் ஈரம் போக உலர்த்துங்கள். மருந்து பூசிய பாக்கெட் விதை என்றால் ஊறவைக்காமல் அப்படியே போடுங்கள்.

2. டிரைக்கோடெர்மா விரிடி என்னும் உயிர்ப் பூசணக்கொல்லி கிடைத்தால், உலர்ந்த விதையோடு கலந்து போடலாம். ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் என்பது அளவு. நம் கைப்பிடி விதைக்கு ஒரு சிட்டிகை போதும். வேர் அழுகல், வாடல் நோய் குறையும்.

3. பாத்தியில் குறுக்காக, நான்கு விரற்கடைக்கு ஒரு கோடு என்று விரலால் கீறுங்கள். ஆழம் அரை அங்குலம் இருந்தால் போதும்.

4. கோட்டில் விதையைத் தூவி மண்ணால் மூடி, லேசாகத் தட்டிவிடுங்கள். இரண்டடி இடத்துக்கு ஒரு மேசைக்கரண்டி விதை கணக்கு. அள்ளிப் போட்டால் அதிகம் வரும் என்று நினைக்கக் கூடாது. நெருக்கமாக இருந்தால் செடி மெலிந்து சாயும்.

5. மேலே வைக்கோலை மெல்லிசாகப் பரப்பிப் பூவாளியால் தண்ணீர் தெளியுங்கள். வாளியால் ஊற்றினால் விதை ஒரு மூலைக்குப் போய்விடும். பூவாளி இல்லையென்றால் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் மூடியில் ஆணியால் ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

6. எட்டு நாளிலிருந்து பன்னிரண்டு நாளுக்குள் முளைவிடும். சிலது பதினைந்து நாள்கூட ஆகும். நாலாம் நாள் மண்ணைக் கிளறிப் பார்க்காதீர்கள்! முளை தெரிந்ததும் வைக்கோலை எடுத்துவிடுங்கள்.

முளைக்கும் வரை நமக்கு முதல் எதிரி கோழிதான். சுற்றிலும் முள் வைத்து, பழைய சேலையையோ மீன் வலையையோ கட்டிவிடுங்கள். ஐப்பசி மழை வலுத்து அடிக்கும் நாளில், நாலு குச்சி நட்டு மேலே ஒரு சாக்கை விரித்தால் இளஞ்செடி மண்ணோடு சாயாது.

தினமும் தழை வேண்டுமா? மூன்றாகப் பிரியுங்கள்

பலரும் செய்வது, பாத்தி முழுக்க ஒரே நாளில் விதைப்பது. நாற்பதாம் நாள் வீடு கொள்ளாத மல்லி, பிறகு இரண்டு மாதம் ஒன்றும் இல்லை. அப்படிச் செய்யாமல் ஆறடிப் பாத்தியை இரண்டடி, இரண்டடியாக மூன்று பங்காகப் பிரியுங்கள். முதல் பங்கை இன்று விதையுங்கள். 15 நாள் கழித்து இரண்டாவது பங்கு. இன்னும் 15 நாள் கழித்து மூன்றாவது பங்கு. மூன்றாவதை விதைக்கும் நேரத்தில் முதல் பங்கில் நெருக்கமாக உள்ள செடியைக் களைத்து எடுக்க ஆரம்பித்துவிடலாம். 45 நாளுக்குள் முதல் பங்கு காலியாகும். உரம் போட்டுக் கொத்தி மறுபடி விதையுங்கள். இப்படிச் சுற்றிக்கொண்டே இருந்தால் பருவம் முழுக்கத் தழை கையில் இருக்கும்.

குழுவாகவும் இதைச் செய்யலாம். வாரத்துக்கு நான்கு பேர் என்று முறை வைத்து விதைத்தால், ஒருத்தர் வீட்டில் தீரும்போது அடுத்தவர் வீட்டில் பறிப்புக்கு வரும். உறுப்பினர்களுக்குள்ளே கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். மிஞ்சினால் வாழை நாரில் கட்டுக் கட்டிப் பக்கத்துத் தெருவில் விற்கலாம். காலையில் பறித்த தழைக்குக் கிராக்கி எப்போதும் உண்டு.

தண்ணீரும் உரமும்

மண் மேலே காய்ந்ததும் தண்ணீர் விடுங்கள். விரலை மண்ணில் வைத்துப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் இன்று தண்ணீர் தேவை இல்லை. காலையில், செடியின் அடியில் விடுவது நல்லது. சாயங்காலம் இலைமேல் ஊற்றினால் இரவெல்லாம் ஈரம் நின்று நோய் வரும்.

அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரை விடலாம். சோப்பு கலந்த தண்ணீர், சாக்கடைத் தண்ணீர் மல்லிக்கு வேண்டாம். அதை வாழைக்குத் திருப்பிவிடுங்கள்.

இருபதாம் நாள் ஒருமுறை களை எடுத்து, ஒரு கூடை சலித்த மக்கிய உரத்தை வரிசைக்கு நடுவே தூவுங்கள். பஞ்சகவ்யா செய்கிறவர்கள் பத்து லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி கலந்து வேர்ப்பகுதியில் ஊற்றலாம். இலைமேல் தெளிக்க வேண்டாம், நாம் பச்சையாகச் சாப்பிடும் தழை இது.

நோய், பூச்சி வந்தால்?

அசுவினி: இலைக்கு அடியிலும் பூங்கொத்திலும் பச்சையாக மொய்க்கும். கொஞ்சமாக இருக்கும்போதே அந்தக் கிளையைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள். அதிகமானால் வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் வேப்பம்பருப்பை இடித்து இரவு ஊறவைத்து, வடிகட்டித் தெளிக்க வேண்டும். தெளித்தபின் ஒரு வாரம் பறிக்காதீர்கள், கசக்கும். சிவப்பில் கறுப்புப் புள்ளி போட்ட பொறிவண்டைப் பார்த்தால் விரட்டாதீர்கள். அது அசுவினியைத் தின்னும் நம்ம ஆள்.

சாம்பல் நோய்: மார்கழிப் பனியில் இலைமேல் வெள்ளையாக மாவு படியும். அந்தச் செடிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மற்றவற்றுக்குக் காற்றோட்டம் வரும்படி களைத்துவிடுங்கள்.

இலை மஞ்சளாவது: பெரும்பாலும் தண்ணீர் தேங்குவதுதான் காரணம். வடிகால் எடுத்துவிடுங்கள். தண்ணீர் தேங்கவில்லை, ஆனாலும் மஞ்சள் என்றால் சத்துக் குறைவு, மக்கிய உரம் போடுங்கள்.

பறிப்பதும் பயன்படுத்துவதும்

35 முதல் 45 நாளில் முழுப் பறிப்பு. வேரோடு பிடுங்கலாம். அல்லது தரையிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு நறுக்கினால் மறுபடி துளிர்த்து இன்னொரு தடவை தரும். இலையை மட்டும் கிள்ளிவிட்டுத் தண்டை எறியாதீர்கள், வாசம் தண்டிலும் உண்டு. ரசத்தில் தட்டிப் போடுங்கள். தழையை வைத்திருக்க வேண்டுமென்றால் கழுவாமல் துணியில் சுற்றி வையுங்கள். அல்லது வேரோடு ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்துங்கள். சமைக்கும் முன் கழுவினால் போதும்.

2019-21ல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நூறு பேர் கூடினால் பாதிக்கு மேல் ரத்தம் குறைந்தவர்கள். கறி, குழம்பு எல்லாம் மற்றவர்களுக்குப் போட்டுவிட்டுக் கடைசியில் ரசத்தோடு முடித்துக்கொள்ளும் நம் பழக்கமும் இதற்கு ஒரு காரணம் இல்லையா?

மல்லித்தழையில் இரும்புச்சத்து, வைட்டமின் ஏ ஆகும் சத்து, வைட்டமின் சி எல்லாம் இருக்கின்றன. ஆனால் ரசத்தின் மேல் நாலு இலை மிதக்கவிட்டால் ரத்தம் ஊறிவிடாது. அளவு வேண்டும். வாரம் இரண்டு மூன்று நாள் துவையலாகச் செய்யுங்கள். ஒரு கட்டுத் தழையோடு உளுத்தம்பருப்பு, மிளகாய், புளி, கொஞ்சம் தேங்காய் வைத்து அரைத்தால் வீட்டில் எல்லோருக்கும் ஆகும். பரிமாறும்போது எலுமிச்சம்பழம் பிழிந்தால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாக ஒட்டும். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் அது கெட்டுவிடும், ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். மல்லி மட்டும் போதாது. கீரை, பயறு, முட்டை எல்லாம் சேர வேண்டும். அசதி, மூச்சு வாங்குதல் இருக்கிறவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் சோதித்து, அவர்கள் கொடுக்கும் சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள்.

அடுத்த வருஷத்துக்கு விதை

தை மாதத்தில் நன்றாக வளர்ந்த நாலைந்து செடியைப் பறிக்காமல் விட்டுவிடுங்கள். வெள்ளையாகப் பூத்துத் தேனீயைக் கூப்பிடும். காய் பச்சையிலிருந்து பழுப்புக்குத் திரும்பும்போது செடியோடு அறுத்து, நிழலில் தலைகீழாகக் கட்டி உலர்த்தித் தட்டி எடுங்கள். காய்ந்த வேப்பிலையோடு மண்கலயத்தில் வைத்து வாயைத் துணியால் கட்டிவையுங்கள். இது நம் குழுவின் விதை. ஒரு கைப்பிடி வாங்கியவர் அடுத்த வருஷம் இரண்டு கைப்பிடி திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று முடிவு பண்ணினால், பணச் சேமிப்பு மாதிரி விதைச் சேமிப்பும் பெருகும்.

முக்கியமாக ஒன்று. இதற்காகக் குழுவில் கடன் எடுக்க வேண்டாம். நிழல்வலை வேண்டும், விலை கொடுத்துப் பை வாங்க வேண்டும் என்று யாராவது சொன்னால் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஒரு கைப்பிடி விதை, இரண்டு கூடை எரு, தினம் பத்து நிமிஷம் இருந்தால் போதும். கடன் நம் பிள்ளைகள் படிப்புக்கும், மாட்டுக்கும், தொழிலுக்கும் இருக்கட்டும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச:

* நம் குழுவில் யார் வீட்டில் தண்ணீர் வசதியும் ஆறடி இடமும் இருக்கிறது? இடம் இல்லாதவர்களுக்குச் சாக்கில் வளர்க்க யார் உதவுவது?
* கையில் இருக்கும் விதையில் 20 எடுத்து முளைப்புச் சோதனை செய்ய யார் பொறுப்பு?
* எந்த வாரம் யார் விதைப்பது? முறைப் பட்டியலைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள்.
* கடையில் மல்லி வாங்காமல் மிச்சமான காசை மூன்று மாதம் தனியாக ஒரு டப்பாவில் போட்டு, மூன்றாம் மாதக் கூட்டத்தில் எல்லோரும் எண்ணிச் சொல்லுங்கள். அதை என்ன செய்வது என்பதை அவரவரே முடிவு பண்ணட்டும். அது உங்கள் கையால் முளைத்த பணம்.